ஆர்சி காருக்கு எந்தப் பிரஷ்லெஸ் மோட்டார்? கேவி எண்ணைப் பார்ப்பதற்கு முன்

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா மகன் போன் செய்தான். டாமியா கம்பெனியின் டிடி-02 ரிமோட் கார் ஒன்றை வாங்கி, தானே உட்கார்ந்து கட்டி, கூடவே வந்த வெள்ளி நிற 540 பிரஷ் மோட்டாரில் (உள்ளே கரித்துண்டு உரசி மின்சாரம் கொடுக்கும் வகை) ஆறு மாதம் ஓட்டிப் பழகியிருந்தான்.

"மாமா, 4000 கேவி மோட்டார் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். 3300-ஐ விட இதுதானே வேகம்? வாங்கிடவா?"

எங்கே ஓட்டுகிறாய் என்று கேட்டேன். அபார்ட்மெண்ட் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் என்றான். இஎஸ்சி, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, என்ன என்றேன். கிட்டோடு வந்த டிபிஎல்இ-02எஸ்தான் என்றான். அந்த இரண்டு பதிலிலேயே அவன் பார்த்து வைத்திருந்த மோட்டார் அவனுக்கு உதவாது என்று தெரிந்துவிட்டது. கரித்துண்டு இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்களில், சுற்றும் பாகம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் உள்ளதைத்தான் அந்த இஎஸ்சி ஓட்டும். அவன் பார்த்தது சென்சார் இல்லாதது. வாங்கியிருந்தால் கூடவே ஒரு இஎஸ்சியும் வாங்கியாக வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு தூணில் மோதுவதைத் தவிர வேறு என்ன செய்வது?

இதே கேள்வியை வேறு வேறு எண்களோடு பலரும் கேட்கிறார்கள். பிரஷ் மோட்டாரில் ஓடும் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள காரை வைத்துக்கொண்டு, பிரஷ்லெஸுக்கு மாற நினைத்து, கடைப் பட்டியலில் எண்களைப் பார்த்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாரைத் தேர்வு செய்ய வேண்டியது கேவி அல்ல, நீங்கள் ஓட்டும் தரை. அந்தத் தரையில் நீங்கள் உண்மையாகவே ஓட்டும் வேகத்தில் சூடாகாமல் ஓடும் மோட்டார்தான் நல்ல மோட்டார்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

கேவி என்றதும் கிலோவோல்ட் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வோல்ட் கொடுத்தால், பளு எதுவும் இல்லாத நிலையில், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. 3300 கேவி மோட்டாருக்கு முழுதாக சார்ஜ் ஆன 2எஸ் லைப்போ (இரண்டு செல் உள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி), அதாவது 8.4 வோல்ட் கொடுத்தால் 27,720 சுற்று. அதற்கே மூன்று செல் உள்ள 3எஸ், 12.6 வோல்ட் கொடுத்தால் 41,580 சுற்று. ஆனால் கேவி ஏறினால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை அதே விகிதத்தில் இறங்கும். வேகம் கூடுதலாக வந்தது போலத் தெரிந்தாலும், வண்டியை நிலையிலிருந்து கிளப்ப அது அதிக ஆம்பியர் இழுக்கும்.

பந்தய மோட்டார்களில் கேவிக்குப் பதிலாக டர்ன் என்று போட்டிருக்கும். கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. டர்ன் கூடினால் வேகம் குறையும். தோராயமாக 17.5 டர்ன் என்றால் 2200 கேவி, 13.5 டர்ன் என்றால் 3000 கேவி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

மூன்றாவது, உடல் அளவு. 3650 என்றால் விட்டம் 36 மிமீ, நீளம் 50 மிமீ. இது பழைய 540 மோட்டாரின் அளவேதான், அதே இடத்தில் உட்காரும். 3660, 3665 என்றால் விட்டம் அதே, நீளம் மட்டும் கூடும். 4268, 4274 எல்லாம் எட்டில் ஒரு பங்கு அளவுக் கார்களுக்கானவை. அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

இந்த மூன்றில் பலரும் கவனிக்காமல் விடுவது உடல் அளவைத்தான். எவ்வளவு நேரம் எவ்வளவு பளுவை இழுக்க முடியும் என்பதைச் செம்பின் எடையும் இரும்பின் எடையும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அந்தச் செம்பை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் கேவி சொல்லும்.

எதை வைத்து எடை போடுவது

தரையும் இடமும் முதலில். சிமெண்ட் தரை, தார் ரோடு, செம்மண் மைதானம், புல், பாறை என்று ஒவ்வொன்றும் மோட்டாரிடம் வேறு வேறு விஷயத்தைக் கேட்கும். புல்தான் மோட்டாருக்குப் பெரிய எமன். கணுக்கால் உயரப் புல்லில் கார் மெதுவாகத்தான் போகும், ஆனால் மோட்டார் முழு மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது, மெதுவாகப் போகும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது. நின்ற இடத்திலிருந்து வழுக்கினாற்போல் கிளம்புகிறதா, தலையை ஆட்டித் திக்கித் திக்கிக் கிளம்புகிறதா?

மூன்றாவது, சூடு. மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டரில் இருப்பது நியோடிமியம் காந்தம். அதன் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். நல்ல மோட்டார்களில் அதைவிடச் சூடு தாங்கும் ரகம் போடுவார்கள். ஆனாலும் வெளிக்கூட்டில் 80 என்றால் உள்ளே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சித்திரை மாதத்தில் வெளியே 38 டிகிரி இருக்கும்போது நம் ஊர் மோட்டார் ஓடத் தொடங்கும் முன்பே பாதி வழி வந்துவிடுகிறது. 20 டிகிரி குளிரில் ஓட்டுகிறவர் சொல்லும் கியர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது, தூசியும் தண்ணீரும்.

ஐந்தாவது, மொத்தச் செலவு. மோட்டார் விலை அதில் ஒரு பகுதிதான். இஎஸ்சி, பேட்டரி, சார்ஜர், பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்), பேரிங், உடையப்போகும் பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்தால் வருவதுதான் உண்மையான விலை.

சென்சார் இல்லாத நான்கு துருவ மோட்டார், 3650 அல்லது 3652 உடல்

கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். ஹாபிவிங் கம்பெனியின் ஈஸிரன் 3652 எஸ்எல் 3300 கேவி, 4000 கேவி போன்றவை இந்த வகை. பெரும்பாலும் இஎஸ்சியோடு ஜோடியாகவே விற்பார்கள்.

கூட்டில் ஓட்டை இல்லாமல் மூடியிருப்பதுதான் இதன் பெரிய பலம். செம்மண் மைதானத்தில் ஓட்டிவிட்டு வந்தால் மேலே பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். திறந்த மோட்டார் என்றால் மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் உள்ளே போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை எடுப்பது பெரிய வேலை. மூடிய மோட்டாரில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. மழை ஈரத்தில் ஓட்டினாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டி முடித்ததும் பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி. நான்கு துருவம் என்பதால் அதே உடலில் இரண்டு துருவ மோட்டாரைவிட இழுவையும் நன்றாக இருக்கும்.

கிளம்பும்போது திக்குவது இதன் பலவீனம். காரணம் எளிது. ரோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று இஎஸ்சிக்குத் தெரிந்தால்தான் எந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். சென்சார் இல்லாதபோது, சுற்றும் காந்தம் மின்சாரம் இல்லாத சுருளில் உண்டாக்கும் வோல்டேஜை வைத்து அது கணிக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த வோல்டேஜே இருக்காது. அதனால் குத்துமதிப்பாக ஒரு உதை கொடுத்துப் பார்க்கும். உதை சரியாக விழுந்தால் கார் கிளம்பும். தவறினால் டர்ர்ர் என்று ஒரு நடுக்கம், அப்புறம்தான் கிளம்பும். கனமான வண்டி, பெரிய பினியன், சோர்ந்த பேட்டரி மூன்றும் சேர்ந்தால் நடுக்கம் அதிகமாகும்.

மைதானத்தில் முழு வேகத்தில் ஓட்டுகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. கிளம்பிவிட்டால் சென்சார் உள்ளதற்கும் இல்லாததற்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சின்ன இடத்தில், முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருப்பி ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் எரிச்சல்தான்.

3300-ஆ, 4000-ஆ? டிடி-02-இன் மொத்த கியர் விகிதம் 8.27, டயர் விட்டம் சுமார் 64 மிமீ. 2எஸ்-இன் சராசரியான 7.4 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3300 கேவிக்கு மணிக்கு 35 கிலோமீட்டர், 4000 கேவிக்கு 43 கிலோமீட்டர். இது காகிதக் கணக்கு. காற்றும் உராய்வும் எடுத்துக்கொண்டது போகக் குறைவாகத்தான் வரும். இந்த எட்டு கிலோமீட்டருக்காகச் சூட்டையும் கியர் தேய்மானத்தையும் வாங்கிக்கொள்வது அவசியமா என்று யோசியுங்கள். எதிர்காலத்தில் 3எஸ் போடும் எண்ணம் துளி இருந்தாலும் 3300தான். 4000-இல் 3எஸ் போட்டால் 50,000 சுற்றைத் தாண்டிவிடும். இந்த உடலில் உள்ள ரோட்டர்கள் பொதுவாக அந்த எல்லைக்குள் ஓடத்தான் செய்யப்பட்டவை.

சென்சார் உள்ள 540 மோட்டார், 17.5 அல்லது 13.5 டர்ன்

இதில் பின்மூடிக்குள் சின்ன பலகை ஒன்றில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார்கள் இருக்கும். ஆறு இழை உள்ள மெல்லிய வயர் ஒன்று அங்கிருந்து இஎஸ்சிக்குப் போகும். ரோட்டர் எங்கே நிற்கிறது என்பது நின்ற நிலையிலேயே தெரிந்துவிடுவதால், ரிமோட்டின் டிரிகரை ஒரு மயிரிழை அழுத்தினாலும் கார் மெல்ல நகரும். முதல் தடவை இதை ஓட்டிப் பார்க்கிறவர் முகத்தில் வரும் மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகத்துக்குக்கூட அப்படி வருவதில்லை.

பந்தய டிராக்குகளில் 17.5, 13.5 டர்ன் வகுப்புகள் நடப்பதால் இந்த மோட்டார்கள் நன்கு பண்பட்டவை. அமெரிக்காவின் ரோர் அமைப்பு போன்றவை இவற்றுக்கு அளவு விதிகளே வைத்திருக்கின்றன. பின்மூடியைத் திருப்பி டைமிங்கை, அதாவது சுருளுக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டியே போகிறது என்பதை, மாற்றலாம். பிரித்து ரோட்டரையும் பேரிங்கையும் தனியாக மாற்றலாம். வாங்கி ஐந்து வருடம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வகை இல்லை.

ஆனால் டைமிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதை ஏற்றினால் வேகம் கூடும், சூடும் கூடும். இஎஸ்சியிலும் டைமிங் போட்டு, மோட்டாரிலும் ஏற்றி வைத்துப் பலர் எரித்திருக்கிறார்கள். வந்த அளவிலேயே விட்டுவிட்டு பினியனில் மட்டும் விளையாடுங்கள்.

பலவீனம் மூன்று. முதலாவது, கூட்டில் காற்றுத் திறப்புகள் இருக்கும். சிமெண்ட் தரைக்கு அது நல்லது, சூடு இறங்கும். செம்மண்ணில் அதுவே வினை. இரண்டாவது, சென்சார் பலகைக்குத் தண்ணீர் ஆகாது. மூன்றாவது, அந்த மெல்லிய வயர். அது சக்கரத்திலோ, பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரிலோ உரசி அறுந்தால் கார் திடீரென்று நடுங்கும், அல்லது நிற்கும். கூடுதலாக ஒரு வயர் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மாறுகிறவர்கள் தவறு செய்யும் ஒரு இடம் உண்டு. சென்சார் இல்லாத மோட்டாரில் மூன்று தடித்த வயரை எப்படிச் செருகினாலும் ஓடும். பின்னோக்கிச் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். சென்சார் உள்ளதில் அந்த வேலையே கூடாது. ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி என்றுதான் இணைக்க வேண்டும். மாற்றிச் செருகினால் மோட்டாரும் இஎஸ்சியும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, எது முதலில் போகும் என்பது மட்டும்தான் கேள்வி. திசையை மாற்ற வேண்டுமானால் இஎஸ்சி அமைப்பில் மாற்றுங்கள்.

வேகம்? அதே டிடி-02 கணக்கில் 17.5 டர்ன் மணிக்கு 24 கிலோமீட்டர் அளவிலும், 13.5 டர்ன் 32 அளவிலும் வரும். 24 என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 17.5 டர்ன் பெரிய பினியனைத் தாங்கும். கியரில் இன்னும் கொஞ்சம் வேகத்தை எடுக்க அதில் இடம் இருக்கிறது.

நீளமான உடல், 3எஸ் பேட்டரி

நான்கு சக்கரமும் இழுக்கும் ஷார்ட் கோர்ஸ் டிரக், மான்ஸ்டர் டிரக் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு இங்கே வாருங்கள். டயர் விட்டமே 110 மிமீ பக்கம் இருக்கும் வண்டி அது. 3650 உடல் அதை இழுக்கும், ஆனால் மூச்சு வாங்கும். 3660 அல்லது 3665 உடலில் 3200 கேவி அளவில் ஒன்றைப் போட்டு 3எஸ் கொடுத்தால் வண்டி அலட்டிக்கொள்ளாமல் போகும். சென்சார் உள்ள வகையிலும் இவை கிடைக்கின்றன. ஹாபிவிங் 3665 எஸ்டி வரிசை ஒரு உதாரணம்.

'வோல்டேஜைக் கூட்டி, கேவியைக் குறைத்தால் சூடு குறையும்' என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அதே திறனுக்கு 3எஸ்-இல் ஓடும் ஆம்பியர் 2எஸ்-இல் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு. கம்பியில் வரும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பேட்டரி வயரிலும் பிளக்கிலும் இஎஸ்சியிலும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். அது பெரிய லாபம்தான். ஆனால் மோட்டாருக்குள் அப்படி இல்லை. கேவி குறைவு என்றால் மெல்லிய கம்பியை அதிகச் சுற்று சுற்றியிருப்பார்கள், அதன் மின்தடை கூடுதல். ஒரே உடலில், ஒரே இழுவைக்கு, செம்பில் வரும் சூடு ஏறத்தாழ அதேதான். மோட்டார் குளிர வேண்டுமானால் ஒன்று உடல் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் பினியன் சிறிதாக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் செலவுகள்தான் அதிகம். 3எஸ் பேட்டரி வேண்டும், அதைத் தாங்கும் இஎஸ்சி வேண்டும், சார்ஜர் 3எஸ்-இன் மூன்று செல்லையும் சமமாக ஏற்ற, அதாவது பேலன்ஸ் செய்ய வேண்டும். மோட்டாரும் கூடுதல் எடை. தண்டு 3.17 மிமீயா, 5 மிமீயா என்று பார்த்துத்தான் பினியன் வாங்க வேண்டும், பழைய பினியன் பொருந்தாமல் போகலாம். பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாம் வரிசையாகக் கேட்கத் தொடங்கும். டிடி-02 போன்ற சின்ன ரோடு காருக்கு இது வேண்டவே வேண்டாம், இடமும் இருக்காது.

பாறை ஏறுகிறவர்களுக்கு

கிராலர் வண்டிக்கு மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள். அதற்கு வேண்டியது 1200 முதல் 2300 கேவி வரையிலான, சென்சார் உள்ள, தவழும் வேகத்திலும் பிடி விடாத மோட்டார். ஹாபிவிங் ஃபியூஷன் போல மோட்டாரும் இஎஸ்சியும் ஒரே கூட்டில் இருப்பவை இப்போது கிடைக்கின்றன. வயர் குறைவு, தண்ணீர் பயம் குறைவு. ஒன்று கெட்டால் இரண்டும் சேர்ந்து போகும் என்பதுதான் குறை. அதைத் தாங்க முடியாதென்றால் பழைய பிரஷ் மோட்டாரிலேயே இருங்கள், கிராலருக்கு அது இன்றைக்கும் நன்றாகவே உழைக்கிறது.

மாறாமலே இருந்துவிடுவது

இதுவும் ஒரு வழிதான், இதை ஒதுக்கிவிட வேண்டாம். வெள்ளி நிற 540 மோட்டார் விலை குறைவு, திக்காது, இருக்கும் இஎஸ்சியே போதும். கரி தேய்ந்துவிட்டால் மோட்டாரையே மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை ஓட்டப் பழகுகிறது என்றால் முதல் வருடம் அதுவே ஓடட்டும். அந்தப் பணத்தில் கார் முழுக்க பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் போடுங்கள். வண்டி லேசாக உருளும், மோட்டார் குளிர்ச்சியாக ஓடும், பின்னால் எந்த மோட்டார் போட்டாலும் அந்தப் பேரிங் உழைக்கும்.

ஒரே பார்வையில்

| | சென்சார் இல்லாத 3652, 3300 கேவி | சென்சார் 540, 17.5 / 13.5 டர்ன் | 3660–3665, 3எஸ் | பிரஷ் 540 |
|---|---|---|---|---|
| மெதுவான ஓட்டம் | திக்கும் | மிக நயம் | சென்சார் இருந்தால் நயம் | நயம் |
| செம்மண், ஈரம் | நன்றாகத் தாங்கும் | கவனம் தேவை | மூடிய கூடு என்றால் தாங்கும் | ஓரளவு தாங்கும் |
| வெயில் காலச் சூடு | பினியனைப் பொறுத்தது | 17.5 பாதுகாப்பு | உடல் பெரிது, நிதானம் | கரி வேகமாகத் தேயும் |
| கூடுதல் செலவு | இஎஸ்சி, பினியன் | சென்சார் இஎஸ்சி இல்லையென்றால் அது | பேட்டரி, சார்ஜர், இஎஸ்சி, டிரைவ் பாகங்கள் | இல்லை |
| பொருந்தும் இடம் | மைதானம், திறந்த வெளி | கார் நிறுத்துமிடம், டிராக் | கனமான 4x4 டிரக் | பழகும் காலம் |

மோட்டார் வாங்கிய பிறகு கதவைத் தட்டும் செலவுகள்

பினியன்தான் முதலில். டிடி-02-இல் பல்லின் அளவு 0.6 மாட்யூல். கடையில் எளிதாகக் கிடைப்பது 48 பிட்ச் என்ற வேறு அளவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், பொருத்தினால் சுற்றவும் செய்யும். ஒரு மணி நேரத்தில் ஸ்பர் கியரின் பற்கள் மொட்டையாகிவிடும். வாங்கும்போதே உங்கள் காரின் பிட்ச் என்ன என்று கையேட்டில் பார்த்து, ஒன்றுக்கு மூன்றாக, ஒவ்வொரு பல் வித்தியாசத்தில் எஃகுப் பினியன் வாங்கிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் மோட்டாரோடு சேர்த்தே போடுங்கள். ஒரு சின்னப் பல்சக்கரத்துக்காகத் தனியாக அனுப்பும் கூலியும் டியூட்டியும் கொடுக்க மனசு வராது.

பல் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். மோட்டாரை நகர்த்தி வைக்கும் வசதி உள்ள கார்களில், பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து, இரண்டையும் நெருக்கி, ஸ்குரூவை முடுக்குங்கள். அப்புறம் கையால் உருட்டித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வந்தால் சரி. பினியனின் சிறு ஸ்குரூ தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் கழன்றுவிடும்.

அடுத்தது பிளக். பழைய வெள்ளை நிற டாமியா பிளக் பிரஷ் மோட்டாருக்குப் போதும். பிரஷ்லெஸ் இழுக்கும் ஆம்பியருக்கு அது உருகும். எக்ஸ்டி60 அல்லது டி பிளக்குக்கு மாற்றி, பற்றவைப்பு நன்றாக ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். லைப்போவுக்கு முதன்முதலாக மாறுகிறவர்கள் பேலன்ஸ் சார்ஜரையும், தீப்பிடிக்காத பையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இஎஸ்சியில் பேட்டரி வகை லைப்போ என்று அமைத்திருக்க வேண்டும். அமைக்காமல் ஓட்டினால் செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி பேட்டரி வீணாகும்.

எந்த மோட்டார் வாங்கினாலும், இஎஸ்சி வாங்கும்போது சென்சார் வயரைச் செருகும் ஓட்டை உள்ளதாக வாங்குவதுதான் என் யோசனை. அதில் பெரும்பாலானவை சென்சார் இல்லாத மோட்டாரையும் ஓட்டும். மனம் மாறினால் மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் முதலில் சொன்ன டிபிஎல்இ-02எஸ் போல விதிவிலக்கும் உண்டு என்பதால், கையேட்டில் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். குறைந்தபட்ச டர்ன் எவ்வளவு, 3எஸ் போடலாமா என்ற இரண்டும் அங்கேயே எழுதியிருக்கும்.

சூடு பார்க்கும் விதம்

இந்தப் பாடத்துக்கு நான் ஒரு மோட்டாரையே விலையாகக் கொடுத்தேன். சென்சார் இல்லாத, 4000-க்கு மேல் கேவி உள்ள மோட்டார் ஒன்றை ஷார்ட் கோர்ஸ் டிரக்கில் போட்டு, வேகம் வேண்டும் என்று பினியனில் நான்கு பல் ஏற்றி, மே மாத மாலையில் புல் வளர்ந்த மைதானத்தில் ஓட்டினேன். எட்டாவது நிமிடம் இழுவை குறைந்தது. கவிழ்த்துப் பார்த்தபோது, கோவையில் பம்ப்செட் மோட்டார் வைண்டிங் செய்யும் பட்டறைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வார்னிஷ் கருகும் வாசனை. வெளிக்கூடு 112 டிகிரி. ஆறிய பிறகு மோட்டார் ஓடியது. இன்னும் சொல்லப்போனால் தூக்கிப் பிடித்து ஓட்டினால் முன்பைவிட வேகமாகச் சுற்றியது. காந்தம் வலுவிழந்தால் அப்படித்தான், கேவி ஏறும், இழுவை இறங்கும். அதன்பின் எந்த பினியன் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் கொதித்தது. அந்த ரோட்டரை மீட்க வழியில்லை.

அதிலிருந்து புது மோட்டாருக்கு நான் செய்வது இதுதான். கையேடு சொல்லும் அளவைவிட இரண்டு பல் குறைந்த பினியனில் தொடங்குவேன். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் கூட்டை அளப்பேன். நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் வரை சூடு ஏறும், அந்த உச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 70-க்குக் கீழே என்றால் ஒரு பல் ஏற்றலாம். 70-லிருந்து 80 என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். 80-ஐத் தாண்டினால் பல்லைக் குறைப்பேன். சூடானால் பினியன் சிறிதாக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெப்பமானி இல்லையென்றால் விரலை வைத்துப் பாருங்கள். மூன்று நொடி வைத்திருக்க முடியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள். தரை மாறினாலும், மாதம் மாறினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

யாருக்கு எது

அபார்ட்மெண்ட் தரையிலோ, பள்ளிக்கூட பேஸ்கட்பால் தளத்திலோ ரோடு கார் ஓட்டுகிறவர் சென்சார் உள்ள 17.5 டர்ன் வாங்குங்கள். கொஞ்சம் இடம் இருக்கிறது, கை பழகிவிட்டது என்றால் 13.5.

செம்மண் மைதானத்தில் பக்கி, இரண்டு சக்கர இழுவை டிரக் ஓட்டுகிறவருக்கு மூடிய கூட்டில் சென்சார் இல்லாத 3300 கேவி. இங்கே சென்சாருக்குப் பணம் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் இரண்டாவது பேட்டரி வாங்கலாம். புல் இருந்தால் பினியனை இன்னும் குறையுங்கள்.

கனமான 4x4 வண்டிக்கு நீளமான உடலும் 3எஸ்-ஸும். பணம் ஒரேயடியாகச் செலவழிக்க முடியாவிட்டால், சின்ன மோட்டாரை இடைக்காலமாகப் போட வேண்டாம், காத்திருந்து இதையே வாங்குங்கள்.

டிராக் பந்தயத்துக்குப் போக ஆசைப்படுகிறவர் தன் ஊர்க் குழு எந்த டர்ன் வகுப்பை ஓட்டுகிறது என்று கேட்டுவிட்டு அதையே வாங்க வேண்டும், இதில் தனி விருப்பத்துக்கு இடமில்லை.

அக்கா மகன் 17.5 டர்ன் வாங்கினான். இருந்த இஎஸ்சியே போதுமானதாக இருந்ததால், மிச்சமான பணத்தில் பேரிங் செட்டும், 68 பல் ஸ்பர் கியர் செட்டும், 23, 24, 25 பல் பினியன்களும் வாங்கிப் போட்டுக்கொண்டான். 23-இல் தொடங்கினோம். போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தூண்களுக்கு நடுவே எட்டுப் போட்டு ஓட்டிவிட்டு வந்து அளந்தான், 58 டிகிரி. "மாமா, 24 போடலாமா?" என்றான். போடு, மூன்று நிமிடத்தில் நிறுத்தி மறுபடி அள என்றேன்.